ஓர் இல்லமும் ஒரு சட்டமும்



ஆள்வோரின் உறவினர்க்கு அவையிலும் பத்திரிகையிலும் இடம் எளிதில் கிட்டுகிறது என்பது நம் நாட்டின் பழைய குறை. பெரோஸ் காந்தியையே இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவர் பிரதமர் நேருவின் மருமகர். நேரு 1938-இல் தொடங்கிய ‘நேஷனல் ஹெரால்டு’ நாளிதழின் நிர்வாக இயக்குநராக விளங்கியவர். 1952-இல் ரேபரேலி வட்டாரத்திலிருந்து மக்களவை புகுந்தவர்.

ஆயினும், பெற்ற இடத்தை அவர் பயன்படுத்திய முறை வேறு. நாடாளுமன்றப் பேச்சைத் தீய நோக்கின்றி உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகள் மீது வழக்குத் தொடர இயலாதவாறு, 1956-இல் தனியுறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்து சட்டமாக்கினார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயை முதலீடு செய்தது குறித்து 1957-இல் அவையில் வினவினார். விசாரணையின் முடிவில், மாமனாரின் அமைச்சரவையில் நிதியமைச்சராயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958-இல் பதவி விலகினார்.

பெரோஸ் 1960-இல் மறைந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அச்சட்டம் நீக்கப்பெற்றது. நீக்கிய அரசின் தலைவர் அவர்தம் மனைவி இந்திரா காந்தியே! 1977-இல் ஜனதா அரசு அதனை மீண்டும் இயற்றிற்று; 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அவ்வுரிமையை அரசியலமைப்பிலேயே பொறித்தது.

ஓர் இல்லத்தார் அளித்ததை அவ்வில்லத்தாரே பறித்தனர். பெரிய வீட்டில் நல்லவர் ஒருவர் தோன்றுவார் எனக் காத்திருத்தல் குடியாட்சி ஆகாது. அத்தகையோரைப் போற்றுவோம், நம் உரிமைக்குக் காவலாக அவர்தம் நற்குணத்தை அன்று, சட்டத்தையே நம்புவோம்.