கரையேறாத வடங்கள்: அந்தமான் – நிக்கோபார் தீவுகளின் தகவல் தொடர்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

சென்னையையும் அந்தமான் – நிக்கோபார் தீவுகளையும் கடலடி வழியே பிணைக்கும் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சேவைக்குத் திறக்கப்பட்டதைக் குறிப்பிடுவோர், சமுத்திரத்தின் விஸ்தீரணமே இத்தீவுகளை அதுகாறும் தனிமைப்படுத்தி வைத்திருந்தது என்றும், விஞ்ஞானம் அத்தடையை இறுதியில் வென்றது என்றும் கூறுவது வழக்கம். இக்கூற்று சரித்திரத்தோடு பொருந்துவதாயில்லை. வங்கக் கடலைக் கம்பியால் கடக்கும் வித்தை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கைவந்துவிட்டது. இத்தீவுகளுக்குக் கிட்டாதிருந்தது வித்தையன்று, அவற்றின் கரையில் வடத்தை ஏற்ற வேண்டுமென்ற தீர்மானமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

1870–71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்தி வடம் இடப்பட்டது. 1858 முதலே கைதிகளின் குடியிருப்பு நிலைபெற்றிருந்த அந்தமானில் அது கரையேறவில்லை. மனிதரைத் தனிமைப்படுத்துவதற்கென்றே தேர்ந்த இடத்துக்குத் தந்தி எதற்கு என்று ஆட்சியாளர் எண்ணியிருக்கவும் கூடும். அதன் விபரீதத்தை அவர்களே வெகு விரைவில் அனுபவித்தனர்: 1872 பிப்ரவரி 8ஆம் தேதி வைசிராய் மேயோ பிரபு போர்ட் பிளேரில் கொலையுண்டபோது, லண்டன் வரை தந்தி பேசிய அக்காலத்திலும், அச்செய்தி கப்பலேறித்தான் இந்தியக் கரையை அடைய வேண்டியிருந்தது.

வேறு சில தீவுகளின் பாக்கியம் மாறானது. நெடுந்தூரம் செல்லும் மின்குறி தேய்ந்துபோகுமாதலின், அதை இடையில் பெற்று மறுபடி அனுப்ப ஒரு நிலம் அவசியமாயிற்று. அந்த அவசியத்தினாலேயே 1899இல் செயின்ட் ஹெலினாவும் 1901இல் கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்ஷன் தீவும் வட நிலையங்களாயின. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், நவம்பர் 9ஆம் தேதி தன் வீரர்களை இறக்கி வெட்ட முயன்றது இந்த டைரக்ஷன் தீவின் வடங்களைத்தான். அளவில் அற்பமான ஒரு பவளத் தீவு பகைவனுக்கும் பொருட்டாயிருந்ததன் காரணம், வடத்துக்குத் தீவு தேவைப்பட்டது என்பதே. தீவினருக்கு வடம் தேவைப்பட்டதா என்று எவரும் கேட்கவில்லை.

இன்றைய தொழில்நுட்பம் அந்தத் தேவையையும் ஒழித்துவிட்டது. ஒளியைப் பெருக்கும் சாதனங்கள் ஏறத்தாழ 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலின் அடித்தளத்திலேயே கிடக்கின்றன. அவற்றுக்கான மின்சாரம் வடத்தினுள்ளேயே கரையிலிருந்து செல்கிறது. ஆகவே 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ வடம், மலாக்கா நீரிணைக்குள் புகும் பொருட்டு அந்தமான் – நிக்கோபார் தீவுத் தொடரின் ஊடாகவோ தென்கோடியை ஒட்டியோ செல்ல வேண்டியிருந்தும், நிற்காமல் ஓடும் விரைவு ரயிலைப் போல அதைக் கடந்து போயிற்று. பின்வந்தவையும் அவ்வாறே. தீவினரோ 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளை நம்பியிருந்தனர். ஒரு வினாவும் அதன் விடையும் அவ்வழியே போய்வர அரை விநாடி பிடிக்கும் என்பதைவிட, அதன் குறுகிய கொள்ளளவை அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததே பெருந்துன்பம்.

2020இல் திறக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் வடத்துக்கு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீவுகளின் ஜனத்தொகை ஏறத்தாழ 3,80,000. தலைக்கு 32,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வியாபார நியாயத்தால் இது ஒருபோதும் நிறைவேறியிராது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயிலிருந்து திரட்டப்படும் பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதி முன்வந்ததாலேயே பி.எஸ்.என்.எல். இதை நிறைவேற்ற முடிந்தது. இது தர்மமன்று; தீவை ஒட்டிச் செல்லும் மார்க்கத்தால் லாபம் பெற்ற துறை செலுத்தும் கடன் என்றே கொள்ளத்தகும்.

ஆயினும் ஒற்றை வடம் ஒற்றை வடமே. 2022 ஜனவரி 15ஆம் தேதி எரிமலை வெடிப்பால் டோங்காவின் வடங்கள் அறுந்தபோது, பிஜியோடு இணைக்கும் பிரதான வடத்தைச் சீராக்க ஐந்து வாரங்களும், வெளித்தீவுகளுக்குச் செல்லும் வடத்தைச் சீராக்க ஓராண்டுக்கு மேலும் சென்றன. அந்தமான் – நிக்கோபாரும் 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்துபோன பிரதேசமே. மேலும், வடம் கரையேறிய நிக்கோபார் தீவுகளின் பட்டியலில் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகியவை உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட கச்சால் இல்லை. பெருநிலம் தீவுகளுக்குச் செய்ததை வடம் பெற்ற தீவு வடம் பெறாத தீவுக்குச் செய்கிறது.

இக்குறைக்கு வழியில்லாமலில்லை. நான்காயிரத்துச் சொச்சம் பேரே வாழும் செயின்ட் ஹெலினா, போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் ஈக்வியானோ வடத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிப் பணத்தைக் கொண்டு, ஒரு கிளையைப் பெற்றது. 2021இல் அது கரையேறி, 2023இல் சேவைக்கு வந்தது. சென்னையில் இறங்க அனுமதி கோரும் ஒவ்வொரு கீழ்த்திசை வடமும் நிக்கோபாருக்கு நேரே கிளை பிரிக்க உதவும் ஒரு கருவியைப் பொருத்தியே செல்ல வேண்டுமென நம் அரசாங்கமும் நிபந்தனை விதிக்கலாம். ஆழம் குறைந்த கரையோரத்தில் நங்கூரங்களும் மீன்வலைகளும் வடத்தைச் சேதப்படுத்துமென்று கம்பெனிகள் ஆட்சேபிக்கும், அது மெய்யே. எனினும் கிளையில் நேரும் அறுப்பு பிரதான மார்க்கத்தைப் பாதிக்காதவாறு அமைக்க வழியுண்டு. கிளையைக் கரைக்கு இழுக்கும் செலவை அதே நிதி ஏற்கட்டும். கருவியை மட்டும் கப்பல் புறப்படுமுன்பே பொருத்தியாக வேண்டும். இட்டு முடிந்த வடத்தை ஆழ்கடலிலிருந்து தூக்கி வெட்டி, பின்னர் அதில் ஒரு கிளையைச் சேர்க்க எந்த வியாபாரியும் இசையமாட்டான்.