தங்க வயலில் கைமாறிய தளவாடங்கள்

பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. அப்பொன்னை எடுத்துத் தரும் இயந்திரம் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது அதை எதைக் கொண்டு நிறுப்பது? கோலார் தங்க வயலின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1880 முதல் அங்கே சுரங்கங்களை நடத்தியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என முதன்மையான சுரங்கங்கள் நான்கு. நிர்வாகம் ஒன்று, கம்பெனிகளும் அவற்றின் முதலும் வேறு வேறு. ஆகவே ஒரு கம்பெனி தன் பளுதூக்கி இயந்திரத்தைத் தந்து அடுத்த கம்பெனியின் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெறுமாயின், "எல்லாம் ஒரு வீட்டுப் பொருளே" என்று கணக்கை விட்டுவிட இயலாது.

பளுதூக்கியின் ஏட்டு மதிப்பு 40,000 ரூபாய், சந்தை மதிப்பு 60,000 ரூபாய் என்று கொள்வோம். பணம் கைமாறாவிடினும், பெற்ற இயந்திரத்தை 60,000 என்று பதிந்து, 20,000 ரூபாயை ஆதாயமாகக் காட்டவேண்டும். இன்றைய இந்தியக் கணக்கியல் தரம் கூறும் பொது நெறி இதுவே. மாற்றத்தால் வணிகப் பயன் ஏதும் விளையாவிடினும், நியாய மதிப்பை நம்பகமாக அறிய இயலாவிடினும், தந்த பொருளின் ஏட்டு மதிப்பே நிற்கும்.

ஏட்டு மதிப்பை மட்டும் நம்பலாகாது என்பதற்குத் தங்க வயலே சான்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்விசை அங்கு வந்தது. நன்றாக ஓடிய நீராவி இயந்திரமும் அதன்பின் பழையதாயிற்று. பேரேடு அதைத் தானே உணர்வதில்லை. மறுபுறம், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கென அமைத்த இயந்திரத்துக்குச் சுரங்கத்தின் வெளியே விலை காண்பதும் எளிதன்று.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. உடைமை கைமாறுந்தோறும் மதிப்பீட்டு வினா புதிதாய் எழும்.

இது கணக்கர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. மூடிய நிறுவனம் எதுவாயினும், அதன் தொழிலாளருக்குரிய நிலுவை எஞ்சிய உடைமைகளின் விலையையே பெரிதும் சார்ந்திருக்கும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் அங்குச் சென்று குடியேறிய தமிழ்த் தொழிலாளர் அவ்வியந்திரங்களுக்கு உயிரூட்டினர். அவர்தம் கைத்திறனுக்குப் பேரேட்டில் பத்தி இல்லை. இயந்திரத்தின் மதிப்பேனும் நேர்மையாக எழுதப்படுவது அவர்க்கும் செய்யும் நீதியாகும்.