வறுமை: நீர் வற்றிய சொல்

வறுமை முதலில் பணமில்லாமையைக் குறித்திருக்காது. நீரின்மையில் பிறந்த சொல்லாகவே அதைக் கொள்ளத் தோன்றுகிறது. வறள், வறட்சி, பஞ்சத்தைச் சுட்டும் வறம், ஈரம் போக்கும் வறுத்தல் எல்லாம் அதன் உறவுகள். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் மழை பொய்த்த வானத்துக்கு ‘வறத்தல்’ என்னும் வினையைத் தருகிறது. ஈகை அதிகாரம் இல்லாதவரை ‘வறியார்’ என்கிறது. வறுங்கை, வறுங்கலம் ஆகியவற்றில் ஈரத்தின் பேச்சே இல்லையே, வெறுமைதானே மூலப்பொருள் என்று மறுக்கலாம். வலுவான மறுப்புதான். ஆனால் வெறுமையிலிருந்து தொடங்கினால் வறுத்தலை விளக்க முடியாமல் திணறுவோம். வறண்ட குளம் வெறுங்குளமும் ஆவதால், வறட்சியிலிருந்து வெறுமைக்கு வருவது எளிது. ஏரியை நம்பி உழுத மண்ணில் அங்கிருந்து கைப்பொருளின்மைக்கு ஓர் எட்டுதான். இன்று கடனில் நொடித்தவரையும் வறியவர் என்கிறோம். அவர் வீட்டுக் கிணறு நிறைந்திருந்தாலும்.