பாக் லியு காற்றாலை

பாக் லியு காற்றாலை, தெற்கு வியட்நாமில் மேக்கொங் ஆற்றின் கழிமுகக் கடலோரத்தில் அமைந்த மின் நிலையம். தலா 1.6 மெகாவாட் திறனுள்ள 62 காற்றாலைகள். மொத்தத் திறன் 99.2 மெகாவாட். கரையை ஒட்டி, ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப்பரப்பில் இவை வரிசை கட்டி நிற்கின்றன. நாட்டில் கடலோர நீர்ப்பரப்புக்குள் எழுந்த முதல் காற்றாலைத் தொகுதி இதுவே.

சுற்றிலும் நெல்லும் இறாலும் உப்பும் விளையும் தட்டையான நிலம். காற்றை மறிக்கக் குன்றோ மேடோ கிடையாது. ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கரையேறுகிறது. நாட்டின் வட, நடுப் பகுதிகளை அடிக்கடி தாக்கும் பெரும்புயல்கள் இங்கே அரிது. 1997 நவம்பரில் வீசிய லிண்டா புயல் அதற்கு விதிவிலக்கு.

காற்றுக்குக் குறைவில்லை. சிக்கல் காலடியில்தான்.

கழிமுக மண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். ஆழத்திலும் இளகிய களிமண்ணே. அதன் மேல் 80 மீட்டர் உயரக் கோபுரத்தையும், உச்சியில் 82.5 மீட்டர் விட்டமுள்ள சுழலியையும் நிறுத்த வேண்டும். எடையை மட்டும் தாங்கினால் போதாது; காற்று கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும் விசைக்கும் அடித்தளம் ஈடுகொடுக்க வேண்டும். எனவே காங்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கி, அவற்றின் தலைகளை ஒரே மேடையாகப் பிணைத்து, கோபுரம் அதன் மேல் நிறுத்தப்படுகிறது. ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் 3 மீட்டர் வரை மாறும். ஏற்றத்தில் வண்டி வராது, வற்றத்தில் படகு வராது. பராமரிப்புக்காகக் காற்றாலைகளை இணைத்துச் சேற்றுக்கு மேலே குறுகிய காங்கிரீட் நடைபாலங்கள் போடப்பட்டன; இன்று சுற்றுலாப் பயணிகளையும் ஈர்ப்பவை இவையே.

காங் லி என்ற உள்ளூர் நிறுவனம் 2010இல் பணியைத் தொடங்கியது. காற்றாலைகளை அளித்தது ஜெனரல் எலக்ட்ரிக். அமெரிக்க ஏற்றுமதி–இறக்குமதி வங்கியின் நிதி, வியட்நாம் வளர்ச்சி வங்கி வழியாகக் கடனாக வந்தது. முதல் கட்டமாக 10 காற்றாலைகள் 2013இல் மின்கட்டமைப்பில் இணைந்தன. எஞ்சிய 52 காற்றாலைகளுடன் இரண்டாம் கட்டம் 2016 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 32 கோடி யூனிட் மின்சாரம் எதிர்பார்க்கப்பட்டது.

சேற்றில் கட்டும் செலவு விலையிலும் எதிரொலித்தது. 2011இல் அரசு காற்றாலை மின்சாரத்துக்கு அறிவித்த கொள்முதல் விலை யூனிட்டுக்கு 7.8 அமெரிக்க சென்ட். அது கட்டுபடியாகாது என்பதால் பாக் லியுவுக்கு 9.8 சென்ட் தனியே அனுமதிக்கப்பட்டது. 2018இல் அந்த விலையே கடலில் அமையும் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவானது. நிலத்தில் அமைபவற்றுக்கு 8.5 சென்ட். இந்த விலைகளைப் பெற 2021 அக்டோபர் 31க்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. சோக் டிராங், டிரா வின், பென் டிரே மாகாணக் கடலோரங்களிலும் காற்றாலைகள் முளைத்தன. கெடு முடிந்தபோது நாடு முழுவதும் 84 திட்டங்கள், ஏறத்தாழ 3,980 மெகாவாட், தகுதி பெற்றிருந்தன. கெடுவைத் தவறவிட்டவை, 2023 ஜனவரியில் அரசு நிர்ணயித்த குறைந்த உச்சவரம்புக்குள் மின்வாரியத்துடன் பேரம் பேச வேண்டியதாயிற்று.

கழிமுகமும் அசையாமல் நிற்கவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் அதன் சராசரி உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் தரை தாழ்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அணைகளும் மணல் அள்ளலும் வண்டல் வரத்தைக் குறைத்ததால் கரை அரிக்கப்படுகிறது. வலசைப் பறவைகள் இரை தேடும் இடமும், கரையோர மக்கள் சிப்பி, நண்டு பொறுக்கும் இடமும் இதே சேற்றுப்பரப்புதான். ஆகவே இங்கே புதிய திட்டம் வகுப்பவர்கள் காற்றின் வேகத்தோடு தரையின் தாழ்வு, கரையின் பின்வாங்கல், பறவைகளின் பாதை ஆகியவற்றையும் காற்றாலையின் 20, 25 ஆண்டு ஆயுளுக்குக் கணக்கிட வேண்டியிருக்கிறது.