ஐந்திலொரு பங்கு: சுவான்சி உதைபந்தாட்டக் கழகமும் அதன் ஆதரவாளரும்

உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோல்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கழகம் கிண்ணத்தை வென்றது என்பது பக்கம் பக்கமாக விரிக்கப்படும். மைதானம் யாருடைய நிலம், அதற்குப் பணம் யாருடைய பையிலிருந்து வந்தது, கழகத்தை விற்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பன விளையாட்டுக்குப் புறம்பான விடயங்களாக ஒதுக்கப்படும். மாலைப் பயிற்சிக்கு ஆங்கிலக் கழகமொன்றின் சட்டையை அணிந்துவந்த என் மாணவன் ஒருவன், "சேர், இந்தக் கழகத்தை அமெரிக்கர் வாங்கிவிட்டார்களாம். ஒரு கழகத்தை எப்படி வாங்குவது?" என்று கேட்டான். தன் ஊர் விளையாட்டுக் கழகத்தை எவரும் விலைக்கு வாங்க இயலாது என்பதை அறிந்தவன் அவன். அவ்வறிவிலிருந்து எழுந்த கேள்வி அது. பாடநூலில் அதற்கு விடை இல்லை.

பிரித்தானியாவின் பழைய கழகங்களிற் பல தொழிலாளர் மத்தியிலே தோன்றியவை. 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், துணியாலைகளிற் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்தலாகாது என விதித்தது. போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்விலேயே சனி மாலை ஆட்டம் வேர்விட்டது. இன்று மான்செஸ்ரர் யுனைற்றெட் என உலகம் அறிந்த கழகத்தை 1878 இல் நியூற்றன் ஹீத் புகையிரதத் தொழிலாளர் அமைத்தனர். ஆர்சனல் 1886 இல் வூல்விச் படைக்கலச் சாலைத் தொழிலாளராலும், பின்னர் வெஸ்ற் ஹாம் எனப் பெயர்கொண்ட கழகம் 1895 இல் தேம்ஸ் இரும்பாலையிலும் உருவாயின. 1885 இல் கூலிக்கு ஆடுவது அனுமதிக்கப்பட்டது. ஆட்டக்காரருக்குச் சம்பளமும் பார்வையாளருக்கு மேடையும் தேவைப்பட, கழகங்கள் ஒவ்வொன்றாக வரையறுத்த பொறுப்புக் கம்பனிகளாயின. உள்ளூர் மதுவடிப்போரும் கடைக்காரரும் பங்குகளை வாங்கினர். ஆயினும் பங்குக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் இலாபம் பகிரலாகாது, பணிப்பாளர் சம்பளம் பெறலாகாது என்று உதைபந்தாட்டச் சங்கம் விதி செய்திருந்தது. கழகத்தை உடைமையாகக் கொள்ளலாம், அதைக் கறந்து குடிக்கலாகாது என்பதே அவ்விதியின் பொருள். 1983 இல் ரொட்டன்ஹாம் கழகம் தனக்கு மேலே இன்னொரு கம்பனியை நிறுவி, அதன் பங்குகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனபோது அவ்வேலி உடைந்தது. 1992 இல் பிரீமியர் லீக் தோன்றித் தொலைக்காட்சிப் பணம் பெருக்கெடுத்த பின்னர், வேலி ஒன்று இருந்ததைக்கூடப் பலர் மறந்துவிட்டனர்.

இந்தப் பின்னணியிலேயே வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரக் கழகத்தின் கதையை நோக்கவேண்டும். சுவான்சி செம்பின் நகரம். 1717 இல் லண்டோர் பகுதியில் முதல் உருக்காலை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியாவின் செம்பிற் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தாக்கிலேயே உருக்கப்பட்டது. தாது கோர்ன்வாலிலிருந்து வந்தது. பின்னர் சிலியிலிருந்தும், அடிமைகளைக் கொண்டு அகழ்ந்த கியூபாவின் சுரங்கங்களிலிருந்தும் வந்தது. நச்சுப் புகையால் மலைச்சரிவுகளிற் புல்லும் முளைக்கவில்லை. ஆலைகளுக்கு உரியவர்கள் மாளிகை கட்டினர். புகை தொழிலாளரின் பங்காயிற்று. கடைசி ஆலை 1980 இல் மூடப்பட்டது.

1912 இல் இந்நகரில் ஒரு கழகம் அமைந்தது. அதன் மைதானமான வெச் பீல்ட், வெச் என்னும் ஓர் அவரையினத் தீவனப் பயிர் விளைந்த நிலமாதலால் அப்பெயர் பெற்றது. முதற் பருவத்தில் அங்கு புல்தரை இருக்கவில்லை. நெருப்புச் சாம்பற் கட்டிகளை இறுக்கிச் சமன்செய்த தரையில், முழங்காலுக்குத் திண்டு கட்டிக்கொண்டு ஆடினர். சிறைச்சாலைக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவே அமைந்த அம்மைதானத்திலேயே கழகம் 93 ஆண்டுகள் ஆடியது. 1981 இல் ஜோன் ரொஷாக்கின் முகாமையில் முதற் பிரிவை எட்டியது; 1985 டிசம்பரில் கடன் மிகுந்து நீதிமன்றம் கம்பனியைக் கலைக்கக் கட்டளையிடுமளவுக்கு வீழ்ந்தது; ஒருவாறு மீட்கப்பட்டது. அதன்பின் உரிமை கைமாறிக்கொண்டேயிருந்தது. 2001 ஒக்ரோபரில் ரொனி பெற்றி என்னும் வணிகருக்கு ஒரேயொரு பவுணுக்கு விற்கப்பட்டது. என் மாணவன் விலை கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்: ஒரு நகரத்தின் கழகம், ஒரு பவுண்! புதிய உரிமையாளர் ஆட்டக்காரர் எழுவரை நீக்கவும் எண்மரின் ஊதியத்தைக் குறைக்கவும் முற்பட்டார். ஆட்டக்காரரின் தொழிற்சங்கம் எதிர்த்தெழுந்தது. ஊர் மக்களும் தெருவில் இறங்கினர்.

அவ்வாண்டிலேதான் சுவான்சி ஆதரவாளர் 'டிரஸ்ட்' தோன்றியது. டிரஸ்ட் என்னும் சொல் நமக்குக் கோயிற் தருமகர்த்தா சபையை நினைவூட்டலாம். உண்மையில் இவ்வமைப்பின் குலம் வேறு. 1844 இல் றொச்டேல் நகரத் தொழிலாளர் மாவும் வெண்ணெயும் சீனியும் விற்க ஒரு சிறு கடை திறந்தனர். போட்ட பணம் எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அவர்களின் நெறி. அத்தகைய சங்கங்களுக்கு 1852 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கைக் கிராமங்களிற் பரவிய ஐக்கிய நாணயச் சங்கங்களும் இதே வழிவந்தவையே. ஆதரவாளர் அமைப்புகளுக்கு இந்தச் சங்கச் சட்டத்தின் உருவமே கொடுக்கப்பட்டது. ஆகவே இவற்றை ஆதரவாளர் சங்கம் என்று சொல்வதே பொருத்தம். 1992 இல் நோர்தாம்டன் கழகம் கடனில் மூழ்கியபோது பிரயன் லோமக்ஸ் முதலியோர் தொடக்கியதே இவ்வகையில் முன்னோடி. ஆதரவாளர் தம் வாக்கால் தெரிந்த ஒருவர் பணிப்பாளர் சபையில் அமர்ந்த செய்தி அங்கிருந்தே ஏனைய நகரங்களுக்குப் பரவியது. 2000 இல் அரசாங்கத்தின் துணையோடு, இத்தகைய சங்கங்களை அமைக்க உதவும் பொது நிறுவனமொன்றும் நிறுவப்பட்டது.

2002 ஜனவரியில் பெற்றி வெளியேற, கழகத்தின் பழைய ஆட்டக்காரர் மெல் நர்ஸ் உள்ளிட்ட உள்ளூரார் சிலரும் ஆதரவாளர் சங்கமும் கூட்டாகப் பொறுப்பேற்றனர். வாளியேந்திச் சில்லறை சேர்த்தும், அங்கத்துவப் பணம் திரட்டியும், காலப்போக்கில் சங்கம் 2 இலட்சம் பவுண் வரையில் முதலிட்டது. அதனால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கும் பணிப்பாளர் சபையில் ஓர் இடமும் அதற்குக் கிடைத்தன. அன்று அப்பங்குகளை விரும்பி வாங்க வேறெவரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை மனங்கொள்ளவேண்டும்.

2003 மே 3 ஆம் நாள் பருவத்தின் இறுதி ஆட்டம். தோற்றால் லீக்கிலிருந்தே வெளியேறும் அபாயம். வெச் பீல்ட் நிரம்பி வழிய, சுவான்சி மைந்தனான ஜேம்ஸ் தோமஸ் மூன்று கோல்கள் போட, ஹல் சிற்றியை 4-2 என வென்று கழகம் பிழைத்தது. அதே மாலையில் எக்சிற்றர் சிற்றி தன் ஆட்டத்தை வென்றும், சுவான்சியின் வெற்றியால் லீக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. எக்சிற்றரை மீண்டும் காண்போம்.

பின்வந்த எழுச்சி வியப்புக்குரியது. 2005 இல் நகரசபை கட்டிய புதிய அரங்குக்குக் கழகம் குடிபெயர்ந்தது. அந்த அரங்கு எழுந்த இடம், பழைய செம்பாலைகள் நின்ற அதே லண்டோர். 2011 மே 30 இல் வெம்பிளியில் றெடிங் கழகத்தை 4-2 என வென்று, பிரீமியர் லீக்கில் இடம்பெற்ற முதல் வேல்ஸ் கழகமாயிற்று. 2013 இல் லீக் கிண்ணத்தையும் வென்றது. ஆதரவாளர் தாமே பங்காளராயிருந்து வெற்றி கண்ட கழகம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. பங்காளருக்கு இலாபப்பங்கும் வழங்கப்பட்டது. சங்கமும் தன் பகுதியைப் பெற்றுச் சேமித்தது.

ஆனால் ஒரு பவுணுக்கு விற்ற பொருள் இப்போது பத்துக் கோடிப் பவுண் பெறுமதியுடையதாகியிருந்தது. கூட்டாளிகள் எல்லோரும் ஊரவர். பலர் கழகத்தின் நீண்டகால அன்பர். அவர்களின் அன்பை நான் ஐயுறவில்லை. எனினும் அவர்கள் கையிலிருந்தது அன்பு மட்டுமன்று, பங்குப் பத்திரமும் கூட. பங்குப் பத்திரத்துக்குத் தனக்கென ஒரு நியாயம் உண்டு. விலை ஏற ஏற அது விற்பனையை நோக்கியே நடக்கும். 2016 இல் ஜேசன் லெவியன், ஸ்ரீவ் கப்லன் என்னும் அமெரிக்க முதலீட்டாளர் தலைமையிலான கூட்டம் கழகத்தின் 68 வீதப் பங்குகளை வாங்கியது. தலைவர் ஹூ ஜென்கின்ஸ் உட்பட ஏனைய பங்காளர் விற்றனர். பேச்சுவார்த்தை தமக்குத் தெரியாமலே நடந்தது, பங்காளரிடையே இருந்த பழைய உடன்படிக்கை மீறப்பட்டது என்பது சங்கத்தின் முறைப்பாடு. விற்ற விலைப்படி கணக்கிட்டால் சங்கத்தின் பங்கு 2 கோடிப் பவுணுக்கு மேற்பட்டது. அது விற்கப்படவும் இல்லை. அதனாற் புதிய உரிமையாளரைத் தடுக்கவும் இயலவில்லை. 21 வீதம் மேசையருகே ஒரு நாற்காலியைத் தரும். கூட்டம் வேறு மேசையில் நடந்தால் அந்த நாற்காலியால் யாது பயன்?

இங்கு ஆதரவாளர் சங்கத்தைத் தியாகிகளின் சபையாகச் சித்திரித்து நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. இக்கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. 2017 இல் பங்குகளில் ஒரு பகுதியைப் புதிய உரிமையாளருக்கே விற்பதற்கு அங்கத்தவர் வாக்களித்தனர், அவ்விற்பனை நிறைவேறவில்லை. 2018 இல் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்க, பங்கின் விலையும் இறங்கியது. வழக்குத் தொடர வேண்டுமென்று பின்னர் அங்கத்தவர் தீர்மானித்தனர். வழக்கு விசாரணையை எட்டுமுன்னரே, 2022 இன் தொடக்கத்தில், சங்கத்தின் நிருவாகக் குழு எதிர்த்தரப்போடு இணக்கத்துக்கு வந்தது. அந்த இணக்கம் அங்கத்தவரின் வாக்குக்கு விடப்படவில்லை. சட்டத்தின் இரகசியக் கட்டுப்பாடு காரணமாகக் கூறப்பட்டது. அது பொய்யான காரணமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் 2016 இல் 'எங்களுக்குத் தெரியாமல் பேசினார்கள்' என்று முறையிட்ட சங்கத்தின் அங்கத்தவர், ஆறாண்டுகளின் பின் அதே வாக்கியத்தைத் தம் சொந்தக் குழுவை நோக்கிக் கூறவேண்டியதாயிற்று. றொச்டேல் நெறியில் அமைந்த சங்கம் கம்பனியொன்றினுள்ளே நெடுங்காலம் அமர்ந்திருந்தால், கம்பனியின் பழக்கங்கள் அதற்கும் தொற்றும். நம் ஐக்கிய சங்கங்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

முழு உரிமை கிடைத்தால் இடர் தீர்ந்துவிடுமா? போர்ட்ஸ்மத் கழகத்தை 2013 இல் அதன் ஆதரவாளர் கடனிலிருந்து மீட்டனர். ஒவ்வொருவரும் 1,000 பவுண் கொடுத்துப் பங்கு வாங்கினர். கழகம் நிமிர்ந்தது, 2017 இல் நான்காம் நிலைப் பிரிவில் முதலிடமும் பெற்றது. அதே ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் கம்பனி விலை பேசி வந்தபோது, வாக்களித்த ஆதரவாளரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் விற்கச் சம்மதித்தனர். பழைய அரங்கின் பழுதைத் திருத்தவும் மேற்பிரிவில் போட்டியிடவும் தம்மிடம் பணமில்லை என்று அவர்கள் உணர்ந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று அழைப்பது எளிது, நான் அழைக்கமாட்டேன். பணமே ஆடுகளத்தின் ஏற்றத்தாழ்வைத் தீர்மானிக்கும் லீக் ஒன்றில், சந்தா சேர்த்து நடக்கும் கழகம் ஒவ்வொரு பருவமும் தன்னைத்தானே ஏலத்தில் விடும்படி வற்புறுத்தப்படுகின்றது. குறைந்தபட்சம் போர்ட்ஸ்மத்தில் அது வாக்கெடுப்பால் நடந்தது.

எக்சிற்றரில் நடந்தது வேறு. லீக்கை விட்டு வெளியேறிய 2003 ஆம் ஆண்டிலேயே ஆதரவாளர் சங்கம் கழகத்தைப் பொறுப்பேற்றுப் பெரும்பான்மைப் பங்கையும் பெற்றது. 2005 ஜனவரியில் ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கில் மான்செஸ்ரர் யுனைற்றெட்டை எதிர்த்து 0-0 என நின்றது; அவ்வாட்டமும் மறு ஆட்டமும் கொண்டுவந்த வருமானம் கடனைத் தீர்க்க உதவியது. 2008 இல் கழகம் லீக்குக்குத் திரும்பியது. பிரீமியர் லீக்கை அது எட்டவில்லை. அதன் விலையை எவரும் கோடிகளிற் பேசவுமில்லை. கூட்டுடைமை அங்கு நிலைத்தமைக்கு அங்கத்தவரின் உறுதி ஒரு காரணம். பெரும்பணம் வந்து கதவைத் தட்டாமை மற்றொரு காரணமாக இருக்கலாம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஆயினும் மறைப்பது நேர்மையன்று.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பணக்காரக் கழகங்கள் தமக்கெனத் தனி லீக் அமைக்க முயன்று, ஆதரவாளரின் எதிர்ப்பால் இரண்டு மூன்று நாட்களிற் பின்வாங்கின. அதன் விளைவாக நிகழ்ந்த ஆய்வு 2025 யூலையில் ஒரு சட்டமாயிற்று. கழகங்களைக் கண்காணிக்கச் சுயாதீன அதிகாரசபையை அது நிறுவியது. ஆதரவாளரைக் கலந்தாலோசிக்குமாறு கழகங்களைப் பணித்தது. சொத்துரிமையில் அது கைவைக்கவில்லை.

சுவான்சியின் அமெரிக்க உரிமையாளர் 2024 இன் இறுதியில் தம் பங்குகளை வேறு முதலீட்டாளருக்குக் கைமாற்றினர். 2025 இல் குரோசிய வீரர் லூக்கா மோட்ரிச்சும், பின்னர் அமெரிக்கப் பாடகர் ஸ்னூப் டொக்கும் சிறு பங்காளராகச் சேர்ந்தனர். என் மாணவனுக்கு இவ்விரு பெயர்களும் முன்பே தெரிந்திருந்தன. தெரியாதிருந்தது வெச் பீல்ட். 2011 இல் அதன் மேடைகளை இடித்த பின்னர், சுற்றியுள்ள தெருக்களின் மக்கள் அந்த நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பங்கிட்டுக் காய்கறி பயிரிட்டனர்.