தாயகம் திரும்பியோர்

1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிப்போன தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைகளை எண்ணியவர்கள், அம்மக்களுடைய கைகள் அறிந்த தொழிலை எண்ணிப் பார்த்தார்களா?

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை, அரசு ஏடுகள் 'தாயகம் திரும்பியோர்' என்றன. ஆனால், அவர்களுள் பெரும்பாலோர் இலங்கை மலைகளிலேயே பிறந்தவர்கள். பூர்வீக ஊரைப் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள். கொழுந்து பறிப்பதும், கவ்வாத்து வெட்டுவதும், ரப்பர் பால் எடுப்பதுமே அவர்கள் கற்ற தொழில்கள். அத்தகையோரில் மிகப் பல குடும்பங்களுக்கு அரசு அளித்ததோ வியாபாரக் கடன்! சிறு வயது முதல் முதுகில் கூடை சுமந்த பெண், முன்பின் அறியாத ஊரில் கடை வைத்துப் பிழைப்பது எங்ஙனம்? கடன் தொகையும், கொண்டுவந்த சேமலாப நிதியும் அன்றாடச் சோற்றுக்கே கரைந்தன. பலர் பழகிய வேலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினர். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளானோரும் உண்டு.

இதற்கு மாறான சான்றும் வரலாற்றில் உள்ளது. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. அப்பணியே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கற்ற தொழிலுக்கு இடம் கிடைத்தபோது, அதே கைகள் காட்டு நிலத்தைப் பசுந்தோட்டமாக்கின. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பின. எனினும், அங்கும் வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. கழகத் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்ற முதியோர் குடியிருப்பைக் குறித்து மீண்டும் கலங்கினர்.

அயல்நாட்டிலிருந்து திரும்புகிறவரிடம், "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்பதே நம் வழக்கம். "உனக்கு என்ன தெரியும்? அதற்கு இங்கே இடமுண்டா?" என்பதன்றோ நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி! பிழைக்கும் வழியும் நிலைத்த கூரையும் கிடைக்கும் வரை, திரும்பிய மண் ஒருவருக்குத் தாயகம் ஆவதில்லை.