கடுக்காய் மையும் ஊற்றுப் பேனாவும்

கொல்லிமலை என்றதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி எல்லாம் நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு மிளகும் அன்னாசியும் பலாவும் நினைவுக்கு வரலாம். பேனாவும் மையும் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் பழைய காலத்து மை எதிலிருந்து வந்தது என்று தேடிப் போனால், பாதை இந்த மாதிரி மலைக்காடுகளில்தான் போய் நிற்கிறது. காரணம், கடுக்காய்.

கொல்லிமலைக் காட்டில் மலைவாழ் மக்கள் சேகரிக்கும் சிறு வனப்பொருட்களில் கடுக்காயும் ஒன்று. இன்று அது நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தோல் பதனிடவும் போனது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனது. தோல் பதனிட உதவும் அதே பொருள்தான் மைக்கும் அடிப்படை. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கடுக்காயின் சதையில் நிறைய இருக்கிறது. அதோடு அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் கருப்பு மை கிடைக்கும். ஐரோப்பாவில் இதே வேலைக்கு மாசிக்காயைப் பயன்படுத்தினார்கள். அங்கே பல நூற்றாண்டுகளாகப் பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களும் எழுதப்பட்டது இந்த வகை மையால்தான்.

இந்த மைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கருத்துப் போகும். தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் எளிதில் போகாது. எழுதும்போதே எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் அதில் நீலச் சாயம் கலந்தார்கள். முதலில் நீலம், பிறகு கருப்பு. பள்ளிக்கூடத்தில் பலரும் வாங்கிய 'ப்ளூ-பிளாக்' மை என்ற பெயர் வந்த கதை இதுதான். பின்னாளில் வெறும் சாயத்தில் செய்த மைகள் வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஓலையிலிருந்து தாளுக்கு

தமிழர்கள் நெடுங்காலம் எழுதியது ஓலையில். அங்கே மை இரண்டாவது வேலை. முதலில் எழுத்தாணியால் கீற வேண்டும், பிறகு கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைக்க வேண்டும். கீறிய இடத்தில் மட்டும் கருப்பு தங்கும். தாள் வந்த பிறகுதான் மையே எழுத்தானது. புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, தாளில் மையால் எழுதிய தமிழுக்குப் பெரிய சாட்சி. அவர் ஒரு வணிகர் என்பதும் கவனிக்க வேண்டியது. அன்றாடம் எழுதும் பழக்கத்தைக் கணக்குப்பிள்ளைகளும் வணிகர்களும்தான் வளர்த்தார்கள்.

துணியிலும் இதே ரசாயனம் நடந்தது. கலம்காரி ஓவியத்தில் துணியைக் கடுக்காயில் ஊற வைத்து, இரும்பு ஊறிய கரைசலை மூங்கில் பேனாவில் தொட்டு வரைவார்கள். வரைந்த கோடு கருப்பாகும். 'கலம்' என்றாலே பேனாதான். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்புறம் வந்தது தொட்டு எழுதும் பேனா. மரக்கட்டையின் முனையில் ஒரு எஃகு நிப்பு, பக்கத்தில் மைக்கூடு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை தொட வேண்டும். இந்தத் தொல்லையை ஒழித்ததுதான் ஊற்றுப் பேனா. 1884ல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனா இதில் பெரிய திருப்பம். மை வெளியே போக வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் நுண்ணிய கால்வாய்கள் வெட்டி, மை வெளியே வரவும் காற்று உள்ளே போகவும் அவர் வழி செய்தார். அதனால் மை கொட்டாமல், நிற்காமல், அளவாக வந்தது. நிப்பை அழுத்தவே தேவையில்லை. தாளைத் தொட்டால் போதும்.

மூன்று தொழில்கள்

ஊற்றுப் பேனா ஒரே பொருள் மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது மூன்று தொழில்: உடம்பு, நிப்பு, மை. இந்த மூன்றையும் யார் செய்கிறார்கள் என்பதுதான் இந்தியாவில் ஊற்றுப் பேனாவின் வரலாறு. அதை முதலில் கேள்வியாகக் கேட்டவர் காந்தி.

கையெழுத்து விஷயத்தில் காந்திக்கு ஒரு மனக்குறை உண்டு. இளமையில் கையெழுத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துவதாக 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். ஆனால் எழுதுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. 1909ல் கப்பலில் வரும்போது 'ஹிந்த் சுவராஜ்' நூலைப் பத்தே நாளில் எழுதினார். வலது கை வலித்தபோது சுமார் நாற்பது பக்கங்களை இடது கையால் எழுதினார்!

அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் 1932ல் பேனா செய்யத் தொடங்கினார். காந்தியின் சுதேசிப் பேச்சுதான் அவருக்குத் தூண்டுதல். முதலில் கொடுத்த பேனாவில் நிப்பு வெளிநாட்டுச் சரக்கு என்பதால் காந்தி ஏற்கவில்லை, எல்லாப் பகுதியும் உள்நாட்டிலேயே செய்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. உடம்பு மட்டும் சுதேசியாக இருந்தால் போதாது என்பது அவர் கணக்கு. 1935 ஜூலை 16 அன்று வார்தாவிலிருந்து ரத்னத்துக்குக் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். குமரப்பா மூலமாக வந்த பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், அது கடைத்தெருவில் விற்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்றும் அதில் சொன்னார்.

இந்தக் குமரப்பா வேறு யாருமில்லை, தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி. குமரப்பாதான். லண்டனில் படித்த பட்டயக் கணக்காளர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர், 1934ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். வணிகவியல் படிக்கும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர். ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கச் சொன்னவர் அவர்.

மையிலும் இதே கதைதான். 1931ல் பம்பாயில் தண்டேகர் சகோதரர்கள் 'குதிரை மார்க்' மைப்பொடியும் மைக்கட்டியும் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு கேம்லின் ஆனது. 1934ல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மையைத் தொடங்கினார்கள். அதன் பின்னாலும் சுதேசி மை வேண்டும் என்ற காந்தியின் விருப்பம் இருந்தது.

தமிழ்நாட்டில் சென்னை பாரிமுனையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ கடையும், பின்னர் திருவள்ளூரில் தோன்றிய ரங்கா பேனாவும் எபோனைட் பேனாக்களுக்குப் பெயர் பெற்றன. எபோனைட் என்பது கெட்டிப்படுத்திய ரப்பர். அதன் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கையால் கடைந்து எடுப்பார்கள். நிப்புக்கு ஊர் சாத்தூர். காராச்சேவுக்குப் பெயர் போன அதே சாத்தூரில் வீட்டுக்கு வீடு சிறு பட்டறைகள் வைத்து நிப்பு அடித்தார்கள். தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் பிளந்து, முனையைத் தீட்டி முடிக்க ஒரு சின்ன நிப்புக்குப் பல கைகள் வேண்டும். விடுதலைக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்ததால் உள்ளூர்ப் பேனாவுக்கும் நிப்புக்கும் நல்ல கிராக்கி. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பெட்டிக்கடையில் சில பைசாவுக்கு மை ஊற்றிக் கொடுத்த காலம் அது.

நாமக்கல் கொடுத்த கோடு

மை பேனா எழுத மட்டுமா? வரையவும்தான். இதற்குச் சான்று தேடிக் கொல்லிமலையை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். இன்று கொல்லிமலை இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான நாமக்கல்லில் 1919ல் பிறந்தவர் சீனிவாசன். சிறு வயதில் அவர் வரைந்ததைப் பார்த்து, பையனைச் சென்னை ஓவியப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. கவிஞர் தாமே ஓவியர் என்பதால் திறமையைக் கண்டுகொண்டார். அந்தப் பையன்தான் பிறகு 'சில்பி' ஆனார். 'ஆனந்த விகட'னில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தார்.

மைக் கோட்டில் அழிப்பதற்கு வழியில்லை. பென்சிலில் தப்பு செய்தால் ரப்பர் இருக்கிறது. மையில் போட்ட கோடு போட்டதுதான். அதனால் கோடு போடுவதற்கு முன் நன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில்பியின் சிற்பப் படங்களில் ஒவ்வொரு அணிகலனும் மணி மணியாகத் தெரிவதற்கு அந்தப் பார்வைதான் காரணம்.

எங்கே தோற்றது?

பால்பாயிண்ட் பேனாவுக்கு 1938ல் காப்புரிமை பெற்றவர் ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ பீரோ. இந்தியாவில் அது மெல்ல மெல்லத்தான் நுழைந்தது. ஆசிரியர்கள் கையெழுத்து கெட்டுப்போகும் என்று திட்டினார்கள். ஆனால் மை கொட்டாது, சட்டைப் பையில் கறை விழாது, மை ஊற்ற வேண்டாம் என்பதெல்லாம் அதன் பலம்.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. கார்பன் தாள்! கடையில் ரசீது போட்டால் ஒரு நகல் வேண்டும். அலுவலகத்திலும் நகல் வேண்டும். கார்பன் தாளில் எழுத அழுத்த வேண்டும். ஊற்றுப் பேனாவை அழுத்தினால் நிப்பு விரிந்துவிடும். அழுத்தாமல் எழுதுவதுதான் அதன் பெருமை. வணிகத்துக்குத் தேவைப்பட்டதோ அழுத்தி எழுதும் பேனா. ஆக, கணக்குப்பிள்ளை வளர்த்த மை எழுத்தைக் கணக்குப்பிள்ளையின் ரசீதுப் புத்தகமே கைவிட்டது.

1980களில் ரெனால்ட்ஸ் மாதிரி மலிவான பேனாக்கள் வந்து குவிந்தபோது ஆட்டம் முடிந்தது. சுலேகா அந்தப் பத்தாண்டின் கடைசியில் மூடப்பட்டது. சாத்தூர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நிப்பு அடித்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். ஒரு பேனா போனால் ஒரு பொருள்தான் போகிறது என்று நினைக்கிறோம். போனது மூன்று தொழில்.

முழுவதும் போய்விடவில்லை என்பது ஆறுதல். 2006ல் மறுபடி திறக்கப்பட்ட சுலேகா, 2020ல் ஊற்றுப் பேனா மையையும் மீண்டும் கொண்டு வந்தது. திருவள்ளூரில் கடைந்த பேனாக்களை வெளிநாட்டு ரசிகர்கள் வரவழைத்து எழுதுகிறார்கள். ஆனால் அவற்றில் விலை கூடிய பலவற்றுக்கு ஜெர்மன் நிப்பு பொருத்துகிறார்கள். உடம்பு இங்கே, நிப்பு அங்கே. காந்தி ரத்னத்திடம் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

செலவுக் கணக்கும் பயப்படும்படி இல்லை. பில்லரால் மை ஊற்றும் எபோனைட் பேனா ஒன்றில் இரண்டு மூன்று மில்லி மை பிடிக்கும். 30 மில்லி புட்டி பத்துத் தடவைக்கு மேல் வரும். தேர்வுக்கு எழுதிப் பழகும் மாணவருக்கு விரல் வலியும் குறையும். சாய மையில் ஒரு கோடு போட்டு, ஈரத் தூரிகையால் தொட்டால் நிழலும் வந்துவிடும். படம் வரைய வேறு சாமான் வேண்டாம்.

பழைய மையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் போதும். நாலைந்து கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, ஒரு இரவு ஊற வைத்து, கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். அதில் சிறிது அன்னபேதி, கெட்டிப்பட ஒரு சிட்டிகை வேலம்பிசின். இதை ஊற்றுப் பேனாவில் மட்டும் ஊற்றிவிடக் கூடாது, கால்வாய் அடைத்துக்கொள்ளும். மூங்கில் குச்சியைச் சீவித் தொட்டு எழுத வேண்டும். எழுதும்போது கோடு மங்கலாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் நன்றாகக் கருத்திருக்கும்.